காலைக் காட்டுங்கள்

பத்து வருஷமாக மூன்று மாதத்துக்கு ஒரு முறை சுகர் டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தேன். ரத்தம் கொடுப்பேன், ரிப்போர்ட்டை நீட்டுவேன், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வருவேன். கிளினிக் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே போவோம். ஆனாலும் அந்தக் காலை அங்கே ஒருவரும் பார்த்ததில்லை. நானும் காட்டியதில்லை. பெரியவர்கள் முன்னால் காலை நீட்டக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். டாக்டர் மேஜைக்கு முன்னால் காலைத் தூக்க மனசு வருமா?

உள்ளங்கால் எரிச்சல் எனக்கு ரொம்ப நாளாக உண்டு. பகலில் அவ்வளவாகத் தெரியாது. ராத்திரி விளக்கை அணைத்துப் படுத்தால் மிளகாய்ப் பொடியைத் தேய்த்த மாதிரி இருக்கும். போர்வை பட்டாலே எரியும். நடுநடுவே சுருக்கென்று ஊசி குத்தும். வயசாகிவிட்டது, உடம்புச் சூடு என்று நானே முடிவு செய்து விளக்கெண்ணெய் தடவினேன். மருந்துக் கடையில் வலி மாத்திரையும் பி காம்ப்ளெக்ஸும் வாங்கி விழுங்கினேன். ஒரு கட்டத்தில் எரிச்சல் குறைந்தது. எண்ணெய் வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு சித்திரை மாதத்து மத்தியானம் கோயிலில் பிராகாரம் சுற்றினேன். கல் சூடு தாங்காமல் எல்லோரும் நிழலுக்கு ஓடினார்கள். நான் மட்டும் நிதானமாக நடந்தேன். சாயங்காலம் வீட்டுத் தரையில் ஈரத் தடத்தைப் பார்த்த என் மனைவி, "என்னங்க, காலைக் கொஞ்சம் தூக்குங்க" என்றாள். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. எனக்கு எதுவும் தெரியவில்லை. அந்தப் புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. கால் தப்பியது என் அதிர்ஷ்டம்.

அப்புறம்தான் இதற்குப் பெரிபெரல் நியூரோபதி என்று பெயர் என்பதே எனக்குத் தெரிந்தது. பல வருஷம் சர்க்கரை கூடுதலாக இருந்தால் நரம்புகள் கெடுகின்றன. உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. அதனால் முதல் அடி அங்கேதான். எரிச்சல் என்பது நரம்பு கூப்பாடு போடுவது. சிகிச்சை எதுவும் இல்லாமல் அது தானாக அடங்கினால் குணமாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. கூப்பாடு போடும் சக்தியும் போயிருக்கலாம்.

இது நம் ஊர்ப் பக்கத்திலேயே கண்டுகொண்ட விஷயம். கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயரான டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி இல்லாததால் தெரியாமல் படும் காயங்களும் தீப்புண்களுமே அவற்றைத் தின்றுவிடுகின்றன என்று அவர் எடுத்துக் காட்டினார். வலி ஒரு வரம் என்றே பின்னாளில் எழுதினார். அந்த நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்ட எம்.சி.ஆர். செருப்பைத்தான் இன்று சுகர்காரர்களுக்கும் சிபாரிசு செய்கிறார்கள்.

வலி வரம் என்பதற்காக ராத்திரி முழுக்க விழித்துக் கிடக்க வேண்டியதில்லை. ஆனால் கடையில் வாங்கும் சாதாரண வலி மாத்திரை நரம்பு வலிக்குப் பெரும்பாலும் கேட்காது. தினமும் போட்டால் கிட்னிக்குத்தான் கேடு. இதற்கென்று பிரகாபலின், டுலாக்செடின், அமிட்ரிப்டிலின் என்று தனி மருந்துகள் இருக்கின்றன. டாக்டர் சொல்லித்தான் போட வேண்டும். குறைந்த அளவில் தொடங்குவார்கள். தூக்கமும் தலைச்சுற்றலும் வரும். நம் வயதில் ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திடீரென்று நிறுத்தவும் கூடாது. வலி அடியோடு போகாது. பாதியாகக் குறைந்து தூக்கம் வந்தாலே வெற்றி.

இன்னொன்று. மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கும் சைவர்களுக்கும் பி12 குறையலாம். அதனாலும் நரம்பு கெடும். ரத்தத்தில் பார்த்துவிட்டுச் சாப்பிடுவதே நல்லது. நாமாக வைட்டமின் மாத்திரைகளை அள்ளிப் போட்டால், அதிலுள்ள பி6 அளவுக்கு மிஞ்சி அதுவே நரம்பைக் கெடுக்கும்.

கடைசியாக என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கு ஒரு முறையாவது காலைப் பார்க்காத சுகர் பரிசோதனை முழுப் பரிசோதனை ஆகாது. இதற்கு ஸ்கேன் வேண்டாம். 10 கிராம் அழுத்தம் கொடுக்கும் ஒரு நைலான் இழையால் பாதத்தில் சில இடங்களில் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். சில நிமிஷ வேலை. வெளியே ஐம்பது பேர் காத்திருக்கும்போது டாக்டருக்கு நேரம் ஏது என்பீர்கள். நியாயம்தான். அதனால்தான் அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள் என்கிறேன். நாமே சொல்ல வேண்டும்: "டாக்டர், என் காலைக் கொஞ்சம் பாருங்க." அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

வீட்டில் நான் செய்வது இவ்வளவுதான். தினமும் ராத்திரி உள்ளங்காலுக்குக் கீழே கண்ணாடி பிடித்துப் பார்க்கிறேன். விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைக்கிறேன். வெந்நீர் ஒத்தடத்தை விட்டுவிட்டேன். குளிக்கிற தண்ணீரின் சூட்டை முழங்கையால்தான் பார்க்கிறேன். செருப்பை உதறாமல் போடுவதில்லை. வீட்டுக்குள்ளும் செருப்புதான். கோயிலுக்கு விடிகாலையில், கனமான சாக்ஸ் போட்டுக்கொண்டு போகிறேன். இதுவரை யாரும் தடுத்ததில்லை. சாமியும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் யாரையாவது உங்கள் கால்விரல் நுனியை லேசாகத் தொடச் சொல்லுங்கள். தொட்டது தெரிகிறதா? தெரியவில்லையென்றால், நாளைக்கே டாக்டரைப் பாருங்கள்.