விஞ்ஞானியை எதைக் கொண்டு அளப்பது?

மில்லில் கோன் கணக்கு உண்டு. களத்தில் மரக்கால் கணக்கு உண்டு. விஞ்ஞானிகளுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதன் பெயர் மேற்கோள் கணக்கு.

ஒரு விஞ்ஞானி கட்டுரை எழுதும்போது, “இந்த விஷயத்தை இன்னார் கண்டுபிடித்தார், அதன்மேல் நின்று நான் அடுத்த படி ஏறுகிறேன்” என்று முன்னவர் பெயரைக் குறிப்பிடுகிறார். அதுதான் மேற்கோள். யாருடைய கட்டுரை எத்தனை தடவை குறிப்பிடப்பட்டது என்று எண்ணுவதற்கென்றே ஸ்தாபனங்கள் இருக்கின்றன. அந்த எண்ணைப் பார்த்து உத்தியோகம் தருகிறார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறார்கள்.

இந்தக் கணக்கு நியாயமானதுதானா? ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்தே பார்ப்போம்.

காற்று மண்டலத்தின் ரசாயனத்தை ஆராய்ந்தவர் பால் குருட்சன். 1991 முதல் 2001 வரை பூமி விஞ்ஞானத் துறையில் உலகிலேயே அதிக மேற்கோள் பெற்றவர் அவர். 110 கட்டுரைகள், 2,911 மேற்கோள்கள்!

சர்வரின் மகன்

இவ்வளவு பெரிய விஞ்ஞானி யார் வீட்டுப் பிள்ளை? பிரபு வீட்டுப் பிள்ளையா? இல்லை. 1933-ல் ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் பிறந்தார். தகப்பனார் ஹோட்டல் சர்வர். தாயார் ஆஸ்பத்திரிச் சமையலறைத் தொழிலாளி. 1944-45 குளிர்காலத்தில், நாஜிப் படையின் பிடியில் அந்நகரம் பட்டினி கிடந்தது. கூடப் படித்த பிள்ளைகள் சிலர் பசியாலும் நோயாலும் மாண்டதைச் சிறுவன் குருட்சன் கண்டார்.

பள்ளி இறுதிப் பரீட்சையின்போது அவருக்குக் கடும் காய்ச்சல். மார்க்கு குறைந்தது. உபகாரச் சம்பளம் கிடைக்கவில்லை. பெற்றோருக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று சர்வகலாசாலையை மறந்து, தொழிற்பள்ளியில் சேர்ந்தார். பிறகு ஆம்ஸ்டர்டாம் நகரசபையின் பாலம் கட்டும் இலாகாவில் வேலை பார்த்தார்.

பின்னர் ஸ்வீடன் சென்றார். ஸ்டாக்ஹோம் சர்வகலாசாலையின் வானிலைப் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. அந்த வேலையில் அவருக்கு அனுபவமே கிடையாது. ஆனாலும் மனுப் போட்டார். 1959-ல் வேலையில் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே வகுப்புகளைக் கேட்டார், பட்டமும் பெற்றார்.

என்ன கண்டுபிடித்தார்?

நம் தலைக்கு மேலே பல மைல் உயரத்தில் ஓசோன் என்ற வாயு பரவியிருக்கிறது. வெயிலிலுள்ள நாசக் கதிர்களைத் தடுத்து, பயிரையும் உயிரையும் காப்பது அதுதான். நைட்ரஜன் ஆக்ஸைடுகள் அந்த ஓசோனைச் சிதைக்கின்றன. சிதைத்த பின்னும் தாம் அழியாமல் மீண்டும் சிதைக்கின்றன என்று 1970-ல் குருட்சன் காட்டினார். இவற்றின் மூலப்பொருள் எங்கிருந்து கிளம்புகிறது? மண்ணிலுள்ள நுண்ணுயிர்களிடமிருந்து! யூரியா போட்ட வயலிலிருந்து அது இன்னும் அதிகமாகக் கிளம்புகிறது. வயல் மண்ணுக்கும் வானத்துக்கும் இத்தனை உறவு!

1974-ல் மோலினா, ரோலண்ட் என்ற இருவர், குளிர்சாதனப் பெட்டிகளில் அடைத்த வாயுக்களும் ஓசோனை அழிக்கும் என்று எச்சரித்தனர். அந்த வாயுக்களை விற்ற கம்பெனிகள் வெகுகாலம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 1985-ல் அண்டார்டிகாவின் மேலே ஓசோன் பெருமளவு குறைந்தது அம்பலமாயிற்று. 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1995-ல் மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பதரும் மணியும்

கார்டிங்கில் பஞ்சு சரியாக வராவிட்டால் ஸ்பின்னிங்கில் நூல் அறுந்துகொண்டே இருக்கும் என்பது மில் தொழிலாளிக்குத் தெரியும். ஒருவன் உழைப்பின்மேல் அடுத்தவன் உழைப்பு நிற்கிறது. அறிவும் அப்படித்தான். 2,911 மேற்கோள் என்றால், அத்தனை தடவை அவர் இழைத்த நூலை எடுத்து மற்றவர்கள் நெய்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த அளவில் மேற்கோள் நல்ல வழக்கமே. கூட்டு உழைப்பின் ஒப்புதல் சீட்டு அது.

அதையே பீஸ் ரேட்டாக்கினால் என்ன நடக்கும்? எண்ணைக் கூட்டுவதே வேலையாகிவிடும். தரம் கெடும். ஒருவருக்கொருவர் சொல்லிவைத்து மேற்கோள் காட்டிக்கொள்வார்கள். மரக்கால் நெல்லை அளக்கும். பதரா, மணியா என்று அது சொல்லாது.

இதற்குச் சாட்சி குருட்சனே. 1982-ல் அவரும் ஜான் பிர்க்ஸ் என்பவரும் ஒரு கட்டுரை எழுதினர். அணு யுத்தம் மூண்டால் நகரங்களும் காடுகளும் எரியும், அந்தப் புகை சூரியனையே மறைக்கும், விளைச்சல் பொய்க்கும், குண்டு விழாத நாட்டு மக்களும் பட்டினியில் சாவார்கள் என்று எச்சரித்தனர். விஞ்ஞானமாகப் பார்த்தால் இது தமது தலைசிறந்த பணி அல்ல. ஆனால் அரசியல் ரீதியில் தாம் செய்தவற்றில் இதுவே மிக முக்கியமானது என்று குருட்சனே எழுதியிருக்கிறார். பட்டினியைக் கண்ணால் கண்டவரின் தீர்ப்பு இது! எந்த மேற்கோள் கணக்கில் இதை எழுதுவார்கள்?

2021 ஜனவரியில் குருட்சன் காலமானார். அவர் வாழ்க்கை இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறது. ஒன்று: விஞ்ஞானியை எடை போடுகிறவர்கள் எண்ணை மட்டும் பார்க்காமல் கட்டுரையைப் படிக்க வேண்டும், அதனால் மக்களுக்கு என்ன நன்மை என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது அதைவிட முக்கியம். ஒரு நாள் காய்ச்சல் ஒரு தொழிலாளி மகனின் படிப்பை முடித்துவிடக் கூடாது. குருட்சனுக்கு ஒரு விளம்பரம் வழி திறந்தது. வழி திறக்காமல் போன பிள்ளைகள் எத்தனை பேர்? அந்தக் கணக்கை எந்த ஸ்தாபனமும் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்!