துருவுக்குப் பூச்சு மருந்தாகுமா?



பழைய கார் வைத்திருக்கும் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜைக்கு முன் வண்டியைக் கழுவித் துடைத்து, பம்பரை முகம் பார்க்கும்படி தேய்த்து வைப்பார்கள். அந்தப் பம்பரைப் பின்னாலிருந்து தாங்கும் இரும்புத் தாங்கிகளை எவரும் குனிந்து பார்ப்பதில்லை. துரு கண்ணில் பட்டாலும், கறுப்பு வண்ணத்தை ஒரு பூச்சுப் பூசி, "இன்னும் இரண்டு வருஷம் தாங்கும்" என்று சொல்லிவிடுவார்கள்.

இந்த வழக்கம் தவறானது என்பதே என் கருத்து. துருவேறிய தாங்கியைக் கழற்றி மாற்றத்தான் வேண்டும். இயன்றால் அதை வீட்டு முற்றத்திலேயே, விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் செய்ய, நீங்களும் கூட இருந்து செய்ய வேண்டும். காரணங்களைக் கேளுங்கள்.

மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் செய்யப்பட்ட அம்பாஸடர் காரை எடுத்துக்கொள்வோம். அதன் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆயினும் ஆசையோடு அதைக் காப்பாற்றி வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பழைய அம்பாஸடரின் பம்பர் முலாம் பூசிய எஃகால் ஆனது. நல்ல கனம் உடையது. அந்தக் கனத்தைச் சுமப்பவை தாங்கிகள். வண்டி எதிலாவது இடித்தால், அந்த விசையை அடிச்சட்டத்துக்குக் கடத்துபவையும் அவையே.

இனி ஒரு கணக்கு. 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள தட்டையான தாங்கி ஒன்று துருவால் தேய்ந்து 2 மில்லிமீட்டர் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் வலிமை பாதியாகிவிட்டது என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை! தகட்டை வளைக்க முயலும்போது அது தாங்கும் சுமை தடிமனின் இருமடியைப் பொறுத்தது. எனவே வலிமை நான்கில் ஒரு பங்காகிறது. வளையாமல் நிற்கும் விறைப்போ தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. அது எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. "பாதி இரும்பு இருக்கிறதே" என்ற ஆறுதல் எவ்வளவு பொய்யானது, பாருங்கள்! அத்தகைய தாங்கி ஓடும் வண்டியில் முறிந்து பம்பர் சாலையில் விழுந்தால், அடிபடுபவர் பின்னால் ஸ்கூட்டரில் வரும் யாரோ ஒருவர். வண்ணம் பூசி மறைத்த குற்றத்துக்கு அவரா தண்டனை பெறுவது?

மேலே பூசினால் துரு நின்றுவிடாதா என்று கேட்கலாம். இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்ஸிஜனும் வேண்டும். உப்பு கலந்தால் வேகம் மிகும். கடலோர ஊர்களில் இரும்பு விரைவில் கெடுவது இதனால்தான். துரு, நெருக்கமற்ற துளைகள் நிறைந்த பொருள். ஈரத்தையும் உப்பையும் அது உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் மேல் பூசும் வண்ணம் இரும்பைத் தொடுவதே இல்லை. உதிரும் துருவைத்தான் தொடுகிறது. மேலும், துரு தான் உண்டான இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். தாங்கியும் பம்பரும் ஒட்டியிருக்கும் இடுக்கில் அது பெருகும்போது, இரண்டையும் ஆப்பு வைத்ததுபோல் பிளக்கிறது. தூரிகை எட்டாத இடம் அது. கழற்றினாலன்றித் தெரியாது.

சரி, கழற்றும் முறை என்ன? முதல் நாள் மாலையே நட்டுகளில் துருவை இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவிடுங்கள். மறுநாள் பொருத்தமான ஸ்பானரால் மெல்லத் திருப்ப வேண்டும். அசையாத போல்ட்டை ரம்பத்தால் அறுத்துவிடலாம். பெட்ரோல் டாங்க் அருகே நெருப்பால் சூடுகாட்டக் கூடாது. பம்பரை இருவர் பிடித்து இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் புகாதீர்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். துருவால் ரண ஜன்னி வரும் என்பார்கள். அது துருவால் வருவதன்று. மண்ணில் வாழும் ஒருவகைப் பாக்டீரியாவால் வருவது. மண் ஒட்டிய இரும்பு கிழித்தால் புண்ணைக் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கழற்றியபின் தாங்கி பொருந்தியிருந்த அடிச்சட்டத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். திருப்புளி உள்ளே இறங்கினால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, வெல்டிங் பட்டறைக்கு வண்டியை அனுப்ப வேண்டும். அது வீட்டு வேலையன்று. உறுதியாக இருந்தால், கம்பி பிரஷால் தேய்த்து இரும்பு பளிச்சிடும்வரை சுத்தம் செய்து, துத்தநாகம் மிகுந்த முதற்பூச்சைப் பூசுங்கள்.

ஏன் துத்தநாகம்? அது இரும்பைவிட எளிதில் எலக்ட்ரான்களை இழக்கும். இரண்டும் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால், துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். 1824ஆம் ஆண்டிலேயே ஹம்ப்ரி டேவி, போர்க்கப்பல்களின் செம்புத் தகடுகளைக் காக்க இதே தத்துவத்தைச் சொன்னார். பம்பரின் குரோமிய முலாமுக்கு அடியிலுள்ள நிக்கலோ இதற்கு நேர்மாறானது. முலாமில் கீறல் விழுந்தால் அவ்விடத்து இரும்பே முதலில் அரிக்கப்படும். பளபளப்பு வேறு, பாதுகாப்பு வேறு!

புதிய தாங்கிகளைத் துத்தநாக முலாமிட்ட போல்ட்டுகளால் முதலில் தளர்வாகப் பூட்டுங்கள். இருபுற இடைவெளியையும் அளந்து சமமாக்கியபின் முழுவதும் இறுக்க வேண்டும்.

"படிக்கிற பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். சோதனைக் குழாயில் ஆணியைப் போட்டுத் துருவைப் படிக்கிறோம், நல்லதுதான். ஆனால் விரலால் அழுத்தினால் நொறுங்கும் தாங்கியைக் கையில் ஏந்திப் பார்த்தவர், மின்வேதியியலையும் தடிமனின் மும்மடியையும் எளிதில் மறக்கமாட்டார்.

வீட்டில் கார் இல்லையே என்று வருந்த வேண்டாம். உங்கள் சைக்கிளின் கேரியர் பூட்டியிருக்கும் இடத்தையும், மாடிக் கைப்பிடிக் கம்பி தரையில் ஊன்றியிருக்கும் இடத்தையும் இன்றே குனிந்து பாருங்கள். வண்ணம் உப்பியிருந்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே இரும்பு இருக்கிறதா, இரும்பின் நிழல் மட்டும் இருக்கிறதா என்பது அப்போது தெரியும்.