டையை மாத்தாதே தம்பி, முதல்ல அளந்து பாரு

போன ஞாயிற்றுக்கிழமை காலை. புனேயில் மழை பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தது. காபியும் கையுமாக உட்கார்ந்திருந்த நேரத்தில் டல்லாஸிலிருந்து போன். முன்பு சாக்கன் டூல்ரூமில் என்னோடு குப்பை கொட்டிய தம்பிதான். கிரீன் கார்டு கிடைத்து மூன்று வருஷமாச்சு. இப்போது .308 போல்ட் ரைஃபிள் ஒன்று வாங்கியிருக்கிறான். சுட்ட கேஸ்களைத் தானே மறுபடி நிரப்பிச் சுடப் போகிறானாம். "அண்ணே, நெக் சைசிங் டை வாங்கினா பித்தளை ரொம்ப நாள் உழைக்கும்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. ஆர்டர் போட்டுடவா?"

போடாதே என்றேன். அதற்குக் காரணம் சொல்லப் போய் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. காபி ஆறிப்போனதற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

துப்பாக்கி விஷயத்தில் இவனுக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். எனக்குச் சோறு போடுவது பிரஸ் டூல். தகட்டை அழுத்தினால் எங்கே நீளும், எங்கே கிழியும் என்பதில்தான் இருபது வருஷம் போனது. நடுவில் கம்பெனி என்னை ஒஹையோவுக்கு இரண்டு வருஷம் அனுப்பியது. அங்கே எங்கள் டூல்ரூம் பெரியவர் ஒருவர், குளிர்காலம் முழுக்கத் தன் கராஜில் ரீலோடிங் செய்வார். என்னைப் பக்கத்தில் சேர்ப்பதற்கு முன்னால் அவர் போட்ட முதல் கண்டிஷன், "போய் வேட்டை லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வா" என்பது. நம்மைப் போல விசாவில் போனவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அங்கே மத்தியச் சட்டம் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் அதற்கு ஒரு விதிவிலக்கு. எச்1பி தம்பிகள் நண்பர் கூப்பிட்டார் என்று சும்மா கிளம்பிப் போகாதீர்கள். நம்மூர் விஷயம் இன்னும் கறார். 1959 ஆயுதச் சட்டத்தில் 'வெடிபொருள் தளவாடம்' என்பதன் வரையறைக்குள் அதன் உதிரி பாகங்களும், அதைச் செய்யும் எந்திரமும்கூட வருகின்றன. யாராவது அமெரிக்காவிலிருந்து வரும்போது ஒரு டை செட் வாங்கி வரச் சொன்னால், கைகூப்பிவிட்டு நழுவிவிடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். சுடும்போது பித்தளை உப்பி, சேம்பர் சுவரில் அப்பி, பிறகு கொஞ்சம் சுருங்கி வெளியே வருகிறது. அதைப் பழைய அளவுக்கு அமுக்கிக் கொண்டுவருவதுதான் ரீசைசிங் டையின் வேலை. ஃபுல் லெங்த் டை கழுத்து, தோள், உடம்பு என்று எல்லாவற்றையும் அமுக்கும். நெக் டை கழுத்தை மட்டும். உடம்பைத் தொடாவிட்டால் பித்தளைக்கு வேலை குறைவு, ஆகவே ஆயுள் அதிகம் என்பது நெக் டை கட்சியின் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பில் என்ன ஆகிறதென்றால், நாலைந்து முறை சுட்டதும் கேஸ் சேம்பரை இறுக்கிப் பிடிக்கும், போல்ட் மூடக் கை வலிக்கும். அப்புறம் ஃபுல் லெங்த் டையில்தான் போட்டாக வேண்டும். எப்படியும் அது வேண்டும் என்றால் முதலிலேயே அதை மட்டும் வாங்குவதில் என்ன கஷ்டம்?

பித்தளையைக் கொல்வது எந்த டை என்பதைவிட, டையை எவ்வளவு கீழே இறக்கிப் பூட்டினோம் என்பதுதான். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன்.

பெரியவர் ஒரு நாள் ஐம்பது கேஸ்களை என்னிடம் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டார். டையோடு வந்த காகிதத்தில், ஷெல் ஹோல்டரைத் தொடும் வரை இறக்கு, பிறகு மேலும் கால் சுற்று திருப்பு என்று இருந்தது. அப்படியே செய்தேன். அந்த ஐம்பதையும் என் கணக்கில் விட்டுவிட்டார். மாதக்கணக்காக அதே செட்டிங்கில் நிரப்பி நிரப்பிச் சுட்டேன். ஐந்தாவது சுற்றில், ரேஞ்சில், சத்தம் கொஞ்சம் வித்தியாசமாகக் கேட்டது, முகத்தில் சூடாக ஏதோ ஊதியது. போல்ட்டை இழுத்தால் கேஸின் அடிப்பாகம் மட்டும் வெளியே வருகிறது. மிச்ச உடம்பு சேம்பருக்குள்ளேயே நிற்கிறது. கண்ணாடி போட்டிருந்தேன், பிழைத்தேன். கை நடுங்கியது நிற்கக் கால் மணி நேரமாயிற்று.

பெரியவர் திட்டவில்லை. மிச்ச கேஸ்களை வாங்கி, ஒரு பேப்பர் கிளிப்பை நீட்டி, நுனியை வளைத்து, உள்சுவரில் அடியிலிருந்து மேலாக இழுத்துப் பார்க்கச் சொன்னார். அடியிலிருந்து சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் நுனி ஒரு பள்ளத்தில் தடுக்கியது. ஏறக்குறைய எல்லாவற்றிலும். வெளியே அதே இடத்தில் பளபளவென்று ஒரு வளையம்.

அப்புறம்தான் அளந்தோம். வெர்னியரில் ஒரு கம்பேரட்டரை மாட்டி, அடியிலிருந்து தோளில் .400 அங்குல விட்டம் வரும் இடம் வரை. சுட்ட கேஸ் 1.633. என் செட்டிங்கில் அமுக்கியது 1.625. எட்டு தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் எட்டு பங்கு. மில்லிமீட்டரில் 0.2. ஒவ்வொரு முறை சுடும்போதும் முன்பக்கச் சுவர் சேம்பரைப் பிடித்துக்கொள்ள, அடிப்பாகம் அந்த 0.2 இடைவெளியைத் தாண்டிப் போல்ட் முகத்தில் போய் மோதுகிறது. நடுவில் இருக்கும் பித்தளை நீண்டு மெலிகிறது. டீப் டிராயிங்கில் கப் கிழிவது போலத்தான். தினமும் தொழிலில் பார்க்கிற விஷயத்தைக் கராஜில் கோட்டைவிட்டிருக்கிறேன்! போல்ட் ரைஃபிளுக்குத் தோளை ஒன்று, இரண்டு தௌ பின்னுக்குத் தள்ளினால் போதும். தானியங்கிகளுக்கு மூன்று, நான்கு.

டையின் மரை அங்குலத்துக்கு 14. ஒரு முழுச் சுற்று 71 தௌ. பத்து டிகிரி திருப்பினாலே இரண்டு தௌ இறங்கும். இதில் போய் 'கால் சுற்று' என்று கண்ணை மூடிக்கொண்டு திருப்பினால்? அதில் பெரும்பகுதியை பிரஸ்ஸின் நெளிவு விழுங்கும் என்பது உண்மைதான், ஆனால் எவ்வளவு விழுங்கும் என்பது உங்கள் பிரஸ்ஸுக்கு மட்டும்தான் தெரியும். டையை வேண்டுமென்றே உயரத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் அளக்க வேண்டும். ஒரு வேடிக்கை பார்ப்பீர்கள்: முதலில் நீளம் குறையாது, கூடும். உடம்பை அமுக்கும்போது தோள் முன்னால் பிதுங்கும். பயந்துவிடாமல் தொடர்ந்து இறக்கினால் பிறகு குறையத் தொடங்கும். சுட்ட அளவைவிட இரண்டு தௌ குறைந்ததும் லாக் ரிங்கைப் பூட்டுங்கள்.

மற்ற வகைகளைப் பற்றித் தம்பி விடாமல் கேட்டான். ஸ்மால் பேஸ் டை உடம்பை இன்னும் கொஞ்சம் அதிகமாக அமுக்குவது; தானியங்கி ரைஃபிள் அடம்பிடித்தால், அல்லது பிறர் துப்பாக்கியில் சுட்ட கேஸ் வாங்கியிருந்தால் முதல் தடவைக்கு உதவும், மற்றபடி வேண்டாம். கார்பைடு என்றால் எண்ணெயே வேண்டாம் என்று நம்பி ரைஃபிளுக்கு வாங்குகிறார்கள். அந்தச் சலுகை நேர் சுவர் கொண்ட பிஸ்டல் கேஸுக்குத்தான், கழுத்துள்ள ரைஃபிள் கேஸுக்கு எண்ணெய் போட்டே தீர வேண்டும், இல்லாவிட்டால் டைக்குள் சிக்கிக்கொள்ளும். அதற்காகக் குளிப்பாட்டினாலும் தோளில் குழி விழும்.

புஷ்ஷிங் டையில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. சாதாரண டை கழுத்தை அளவுக்கு மேல் அமுக்கிவிட்டு, பிறகு உள்ளிருக்கும் எக்ஸ்பாண்டர் குண்டை இழுத்து விரிக்கிறது. ஒரே கழுத்துக்கு இரட்டை வேலை, கோணலாகவும் வாய்ப்புண்டு. புஷ்ஷிங்கில் வேண்டிய அளவை நாமே தேர்ந்தெடுக்கலாம். நிரப்பிய தோட்டாவின் கழுத்து.335 என்றால் .333 புஷ்ஷிங் போடுவது வழக்கம். ஆனால் அது இரண்டாவது வருஷச் செலவு. முதல் வருஷம் அந்தக் காசுக்குக் கம்பேரட்டர் வாங்கு என்றேன்.

இதோடு விட்டிருக்கலாம். "பித்தளையை வீட்டில் இருக்கிற அம்மோனியா கிளீனரில் கழுவலாமா?" என்று கேட்டான் பாருங்கள், அங்கேதான் கத்திவிட்டேன். அழுத்தி வடித்த பித்தளைக்குள் இழுவிசை தங்கியிருக்கும், அம்மோனியா பட்டால் வெடிப்பு விடும். இது நம்ம நாட்டிலேயே நடந்த கதை. வெள்ளைக்காரன் காலத்தில் மழைக்காலத்துக்குத் தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் அடுக்கி வைப்பார்களாம், கேஸ்கள் தானாக வெடிப்பு விட்டிருக்கின்றன. குதிரை மூத்திரத்து அம்மோனியாதான் காரணம் என்று 1921-ல்தான் விளக்கம் கிடைத்தது. அதனால்தான் இன்றைக்கும் அந்த நோய்க்குப் பெயர் 'சீசன் கிராக்கிங்'.

இரண்டு நாள் கழித்து தம்பி ஒரு போட்டோ அனுப்பினான். யாரிடமோ பழைய கேஸ் நூறு மலிவாக வாங்கியிருந்தானாம். பேப்பர் கிளிப் போட்டுப் பார்த்ததில் பதினேழு தேறவில்லை. அத்தனையையும் குறடால் நசுக்கி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறான். நெக் டை ஆர்டரை இன்னும் கேன்சல் செய்யவில்லை, யோசிக்கிறானாம்.