வேகம் யாருக்காக?

வாலிகண்டபுரத்திலிருந்து வடக்கேயோ தெற்கேயோ, விடியும் முன் பெரிய ரோட்டோரமாக நடந்து பார்க்க வேண்டும். தூக்குப்போணியும் களைக்கொத்துமாகப் பெண்கள் ஒரு பக்கம் நிற்பார்கள். அவர்கள் போக வேண்டிய பருத்திக் காடும் மக்காச்சோளக் காடும் மறுபக்கம் இருக்கும். நடுவே திருச்சி - சென்னை நான்கு வழிச் சாலை. ஆம்னி பஸ், கண்டெய்னர் லாரி, கார் என்று ஓயாமல் வந்துகொண்டிருக்கும். ஒருத்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்கடி" என்பாள். எல்லோரும் ஓடுவார்கள். நடுத் திட்டில் ஒரு மூச்சு. பிறகு மறுபடியும் ஓட்டம். பொழுது சாய்ந்து, உடம்பில் தெம்பு வற்றித் திரும்பும்போதும் இதே கதைதான். கூலி என்னவோ களை எடுத்ததற்கு மட்டும்தான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் இந்த இரண்டு ஓட்டத்துக்கும் எந்த மிராசுதாரும் கூலி கொடுப்பதில்லை.

இந்த வழி புதிய வழியல்ல. 1751ல் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் நவாபுகளுக்காக என்று சொல்லி வாலிகண்டபுரத்தில் மோதிக்கொண்டதே, திருச்சிக்குப் போகும் வழி இது என்பதால்தான். பட்டாளம் வந்தால் ஜனங்கள் ஊரைக் காலி செய்துவிட்டு ஒதுங்கினார்கள். இன்று ஒதுங்க முடியுமா? காடும் பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் பஸ் நிற்கும் இடமும் ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிரிந்து கிடக்கின்றன.

2022ம் வருஷத்துக்கு மத்திய சர்க்கார் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். நாடு முழுவதும் ரோட்டில் மாண்டவர்கள் 1,68,491 பேர். இவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஒரு நாளைக்கு 90 பேர்! சைக்கிளில் போய் மாண்டவர்கள் ஏறத்தாழ 4,800 பேர். அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு: 64,105. கார் வைத்திருப்பவன் வேகமாகப் போனதற்கு, காலைத் தவிர வேறு வாகனம் இல்லாதவன் உயிரைக் கொடுக்கிறான்.

செத்தவர்களில் 100க்கு 71 பேர் அதிவேகத்தால் செத்தார்கள் என்றும் அதே கணக்கு சொல்கிறது. இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் "அதிவேகம், அஜாக்கிரதை" என்று எழுதுவது சுலபம். ரோடு போட்டவனின் தப்பை எழுதுவது அபூர்வம்.

வேகம் என்ன செய்யும் என்பதை மில்லில் வேலை செய்யும் தோழனுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஓடும் மிஷினின் வேகத்தை இரட்டித்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். வண்டியின் வேகம் இரண்டு மடங்கானால் அது மோதும் சக்தி நான்கு மடங்கு. பிரேக் போட்டபின் ஓடி நிற்கும் தூரமும் நான்கு மடங்கு. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டரைத் தாண்டுகிறது. டிரைவர் செல்போனில் மூன்று விநாடி கண்ணை வைத்தால், 200 அடிக்கு மேல் அந்த வண்டி குருட்டு வண்டி. அந்த 200 அடிக்குள் ஒரு கிழவி இருக்கலாம், ஒரு பள்ளிப் பிள்ளை இருக்கலாம். சராசரி வேகம் ஒரு சதவிகிதம் கூடினால், சாவு விளையும் விபத்துக்கான ஆபத்து நான்கு சதவிகிதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். இத்தனையும் தெரிந்துதான், 2018ல் மத்திய சர்க்கார் வேக வரம்புகளை உயர்த்தி, நான்கு வழிச் சாலையில் கார்கள் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகலாம் என்று அறிவிக்கை போட்டது. 2021ல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. கோர்ட்டுக்குத் தெரிந்தது மந்திரிகளுக்குத் தெரியவில்லையா?

டிரைவரும் தொழிலாளிதானே என்று சிலர் கேட்பார்கள். ஆமாம், தொழிலாளிதான். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரிகளைக் கண்டு ஜனங்கள் நடுங்குகிறார்கள். நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், நாலு நடை போகும் நேரத்தில் ஆறு நடை போகத்தான் அவன் கால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும். தூக்கத்தோடு ஓட்டுகிறவனைத் தூங்கவிடாமல் செய்தவன் யார்? ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், இடையில் ஓய்வு என்று 1961ல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. லாரி முதலாளிகளில் எத்தனை பேர் அதை மதித்தார்கள் என்பது லாரி ஓட்டிய எவனுக்கும் தெரியும். அந்தச் சட்டத்தையும் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைத்து, 2025 நவம்பர் 21 முதல் அமல் என்று அறிவித்துவிட்டார்கள்.

ஆனால் தோழரே, முதலாளி விரட்டினான் என்பது, அடிபட்டவனை ரத்த வெள்ளத்தில் விட்டுவிட்டு ஓடுவதற்குச் சமாதானமாகாது. விபத்து நடந்ததைத் தெரிவிக்காமல் ஓடினால் பத்து வருஷம் வரை சிறை என்று புதிய குற்றச் சட்டத்தில் 106(2) பிரிவு வந்தபோது, 2024 ஜனவரியில் பல மாநிலங்களில் லாரி டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நின்றால் கூட்டம் அடித்துக் கொல்லும் என்ற அவர்களுடைய பயத்தில் நியாயம் உண்டு. நடைக் கூலி முறையைத் தொடாமல் டிரைவரை மட்டும் சிறைக்கு அனுப்புவதை நாமும் எதிர்க்கிறோம். அந்தப் பிரிவும் அமலுக்கு வராமல் நிறுத்தி வைக்கப்பட்டது. என்றாலும் கூட்டத்துக்குப் பயந்தால் அடுத்த போலீஸ் ஸ்டேஷனிலாவது நிறுத்திச் சொல்ல வேண்டும். 108க்கு ஒரு போன் செய்ய வேண்டும். அடிபட்டுக் கிடப்பவனும் உன் வர்க்கத்தைச் சேர்ந்தவன்தான். ஊர் ஜனங்களும் டிரைவர் மேல் கை வைக்கக் கூடாது. அந்த அடி லாரி முதலாளிக்கு வலிப்பதில்லை.

நம் பக்கத்துக் குறைகளையும் மறைக்க வேண்டாம். எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் டிரெய்லர்களில் எத்தனைக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறது? அறுவடைக் காலத்தில் மக்காச்சோளத்தை ரோட்டிலேயே காயப்போட்டு, ஓரத்தில் கல்லை அடுக்கி வைக்கிறோம். இருட்டில் சைக்கிளிலோ மொபெட்டிலோ வருகிற நம் ஆளே அந்தக் கல்லில் மோதி விழுகிறான். களம் இல்லாத குறைதான் காரணம். களம் கேட்டுப் போராடுவோம், கல்லை முதலில் எடுப்போம். நடந்து போகிறவர்கள் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாகப் போவது நல்லது. அதிகாலையில் வெளிர்நிறத் துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டாலும் டிரைவர் கண்ணுக்குச் சற்று முன்னால் தெரியும்.

ரோட்டின் சொந்தக்காரர்களிடம் வருவோம். திருமாந்துறையிலும் சமயபுரத்திலும் சுங்கச் சாவடி வைத்து இரவும் பகலும் வசூல் நடக்கிறது. சில சந்திப்புகளில் பாலமும் சுரங்கப் பாதையும் உண்டு. தலையில் புல்லுக்கட்டோடு வருகிறவள் அவற்றைத் தேடி ஒரு மைல் சுற்றிப் போவாளா? ரோட்டை வகுத்தபடி போடாமல், அதனால் சாவு நேர்ந்தால், காண்டிராக்டருக்கும் பொறுப்பான அதிகாரிக்கும் 2019ல் சேர்த்த 198ஏ பிரிவின்படி அபராதம் உண்டு. எவ்வளவு? அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய்! ஒரு உயிருக்கு ஒரு லட்சம் என்பது அவர்களுக்குச் சில்லறைச் செலவு.

மாநில சர்க்கார் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சைக்கிள் கொடுக்கிறது. நல்ல திட்டம்தான். கூலிக்காரன் மகள் மேல்படிப்புக்குப் போக அந்தச் சைக்கிள் உதவியிருக்கிறது. ஆனால் சைக்கிளைக் கொடுத்தவர்கள், அதை ஓட்டிப் போக மூன்றடிப் பாதை கொடுத்தார்களா? ஹாலந்தில் 1971ல் ஒரே வருஷத்தில் 3,300 பேர் ரோட்டில் மாண்டார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்று தாய் தகப்பன்மார் தெருவில் இறங்கினார்கள், ரோட்டை மறித்தார்கள். அந்தப் போராட்டத்தின் பலனாகவும்தான் அங்கே சைக்கிளுக்குத் தனிப் பாதைகள் வந்தன. சர்க்கார் தானாகக் கொடுத்துவிடவில்லை.

குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று. மோதிவிட்டு ஓடிய வண்டி எது என்று கண்டுபிடிக்க முடியாமல் போனாலும், 2022 ஏப்ரல் முதல் சாவுக்கு 2 லட்சமும் படுகாயத்துக்கு 50,000மும் நஷ்டஈடு உண்டு. தாலுகா ஆபீசில் மனுக் கொடுக்கலாம். 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம்" திட்டத்தின்படி, அடிபட்ட முதல் 48 மணி நேரத்துக்கு, அதில் சேர்ந்துள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இலவச சிகிச்சை உண்டு. பணம் கட்டினால்தான் தொடுவோம் என்று யாராவது சொன்னால் இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

மே தினத்தன்று கிராம சபை கூடுகிறது. அதற்கு முன் ஒரு வாரம், விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் இரண்டிரண்டு பேரை ரோட்டோரம் நிறுத்தட்டும். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் கடக்கிறார்கள், அவர்களில் சைக்கிள் எத்தனை, பள்ளிப் பிள்ளைகள் எத்தனை என்று நோட்டில் எழுதட்டும். கடக்கும் இடத்தில் விளக்கும் வேகத்தடையும் வேண்டும், ஆள் நடக்கச் சுரங்கப் பாதை வேண்டும், பள்ளி விடும் நேரத்தில் டிப்பர் லாரி ஓடக் கூடாது என்ற தீர்மானத்தை அந்தக் கணக்கோடு சேர்த்துப் படியுங்கள். தலைவர் மினிட் புத்தகத்தில் ஏற்றும்வரை எழுந்து போகாதீர்கள். நகல் ஒன்று கலெக்டருக்கு, ஒன்று தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கு, ஒன்று நமது காரியாலயத்துக்கு.