கடைமடையில் அளக்கப்படும் தலைமை

மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று பாசனத்திற்குத் திறப்பது மரபு. மலர் தூவி நீரை வழியனுப்பும் காட்சி மறுநாள் நாளிதழ்களில் வெளிவரும். ஆயினும், காரைக்கால் உழவர் அந்தப் படத்தைக் கண்டதும் விதைநெல்லைக் கையில் எடுப்பதில்லை. கல்லணையில் பிரிந்து, அரசலாற்றின் வழியாகவும் பிற கிளையாறுகளின் வழியாகவும் வரும் நீர் தம் வயலின் வாய்மடையைத் தொட்டதா என்பதே அவருடைய கேள்வி. அணையின் நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்திருந்தால் என்ன? இடைவழியில் ஒரு மதகு பழுதுபட்டாலும், ஒரு வாய்க்கால் தூர்ந்துபோனாலும் கடைமடையைப் பொறுத்தவரை அது இல்லாத நீரே. நிறுவனங்களை நடத்துவோர் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுவே என்பது நம் கருத்து.

'உத்திசார் மேலாண்மை' என்னும் தொடர் இன்று வணிகவியல் வகுப்பறையைக் கடந்து மருத்துவமனை, கல்லூரி, அறக்கட்டளை என எங்கும் ஒலிக்கின்றது. ஆங்கிலத்தில் வழங்கும் 'ஸ்டிராட்டஜி' என்னும் சொல், படைத்தலைவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. அமெரிக்கப் பெருநிறுவனங்களை ஆராய்ந்த ஆல்பிரட் சாண்ட்லர், ஒரு நிறுவனத்தின் அமைப்பு அதன் உத்தியைப் பின்பற்றியே அமைய வேண்டும் என்று 1962ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் நிறுவினார். தமிழுக்கோ 'உத்தி' புதிய சொல்லன்று. தொல்காப்பிய மரபியல் நூல் யாக்கும் முறைக்கு 32 உத்திகளைக் கூறுகின்றது. மேலைநாட்டார் போர்க்களத்திலிருந்து பெற்ற சொல்லுக்கு ஈடாக, நாம் நூலாக்கக் கலையிலிருந்து ஒரு சொல்லை எடுத்து வழங்குகின்றோம். வெல்வது போர்க்கள உத்தியின் நோக்கம். சொல்ல வந்தது கற்போனைச் சென்றடைவது நூலாக்க உத்தியின் நோக்கம். நிறுவனத் தலைமைக்கு இவ்விரண்டாவது பொருளே பெரிதும் பொருந்தும்.

திருக்குறளின் அதிகார வைப்பு முறையை நோக்கினாலும் இவ்வுண்மை புலனாகும். 47ஆம் அதிகாரம் தெரிந்துசெயல்வகை. அதனைத் தொடர்ந்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பன வரிசையாக நிற்கின்றன. இன்றைய மேலாண்மை நூலார் கூறும் திட்டமிடல், வலிமை மதிப்பீடு, சூழல் ஆய்வு ஆகியவை இந்நான்கில் அடங்கிவிடும். ஆனால் அவ்வரிசை அத்துடன் நின்றுவிடவில்லை. ஆளைத் தேர்ந்து தெளிதல் 51ஆம் அதிகாரமாகவும், தேர்ந்தவரை வினையில் அமர்த்தி ஆளுதல் 52ஆம் அதிகாரமாகவும், சுற்றந்தழால் 53ஆம் அதிகாரமாகவும் தொடர்கின்றன. திட்டத்திலிருந்து மனிதரை நோக்கி நடக்கும் வரிசை இது. திட்டம் தீட்டியவுடன் தலைவனின் பணி முடிந்தது என்று கருதுவோர் 50ஆம் அதிகாரத்தோடு நூலை மூடிவைத்தவர் ஆவர்.

இக்கருத்துக்கு நம் காலத்துச் சான்று ஒன்று மதுரையில் உள்ளது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி, 1976ஆம் ஆண்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அறுவைச் சிகிச்சைக்குத் தம் கைகளைப் பழக்கிக்கொண்டவர் அவர். கட்டணம் செலுத்துவோரின் வருவாயைக்கொண்டு இல்லாதவர்க்கு இலவசமாகச் சிகிச்சை அளிப்பது அவர் வகுத்த நெறி. ஆயினும், கிராம முகாம்களில் கண்புரை இருப்பதாகக் கண்டறியப்பட்டவர் பலர், இலவசம் என்றபோதும் மருத்துவமனைக்கு வரவில்லை. பேருந்துக் கட்டணம், உணவுச் செலவு, அச்சம், துணைக்கு வர ஆளின்மை ஆகியவை குறுக்கே நின்றன.

மக்களின் அறியாமை என்று பழி கூறிவிட்டு அத்தலைமை ஒதுங்கவில்லை. முகாமிலிருந்தே நோயாளரை வண்டியில் ஏற்றிச் சென்று, உணவும் தங்குமிடமும் தந்து, சிகிச்சை முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விடும் ஏற்பாட்டைச் செய்தது. சிற்றூர் இளம்பெண்களைத் தேர்ந்து பயிற்சி அளித்து, கண் மருத்துவ உதவியாளர்களாக ஆக்கியது. அருகருகே இரண்டு மேசைகள். ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே அடுத்ததில் மற்றொரு நோயாளர் ஆயத்தமாக இருப்பார். இதனால் மருத்துவரின் பொழுது வீணாகாமல் பலருக்குப் பயன்பட்டது. இறக்குமதியான உள்விழி வில்லைகள் ஏழைகளுக்கு எட்டா விலையில் இருந்தமையால், 1992இல் ஆரோலேப் என்னும் அமைப்பைத் தொடங்கி அவற்றைக் குறைந்த விலையில் இங்கேயே செய்தது. இவை ஒவ்வொன்றும் வாய்க்காலில் இருந்த ஓர் அடைப்பைக் கண்டு நீக்கிய செயல். உத்தி என்பது இதுதான்.

காரைக்காலில் வாழும் நமக்கு இது ஏட்டுக் கருத்தன்று. 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான இவ்வூரின் முடிவுகள் நெடுங்காலம் கடல் கடந்த நாட்டில் எடுக்கப்பட்டன. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்த பின்னரும், ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரியே நமக்குத் தலைமையிடம். காவிரி நடுவர் மன்றத்தின் 1991ஆம் ஆண்டு இடைக்கால ஆணை காரைக்காலுக்கு 6 டி.எம்.சி. நீரைக் குறித்தது. 2007ஆம் ஆண்டின் இறுதித் தீர்ப்பில் புதுச்சேரிப் பகுதிக்கு 7 டி.எம்.சி. ஒதுக்கப்பட்டது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அந்த அளவை மாற்றவில்லை. ஆணை உரிமையைத் தரும். அவ்வுரிமை நெல்மணியாக மாறுவதற்குத் தூர்வாரிய வாய்க்காலும், நேரமறிந்து மதகைத் திறக்கும் பணியாளரும் வேண்டும். அப்பணியாளரும் தலைமையின் ஓர் உறுப்பே.

இனி, நம் கல்விக்கூடங்களுக்கு வருவோம். வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரியும், 1951இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும், 1955இல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரியும் எழுந்தன. இவற்றைத் தோற்றுவித்த பெருமக்கள் மேலாண்மைப் பட்டம் பெற்றுவிட்டுக் கல்லூரி நடத்த வந்தவர் அல்லர். எனினும், பெருநகரங்களோடு நின்றுவிடாமல் வாணியம்பாடிக்கும் அதிராம்பட்டினத்துக்கும் உயர்கல்வி சென்றதே, அது எட்டாத பிள்ளையின் வாசலுக்கு அதனைக் கொண்டுசெல்லும் சிறந்த உத்தியன்றோ?

இன்று தேசிய மதிப்பீட்டுக் குழுவின் தரச்சான்றுக்காகத் தொலைநோக்கும் பணிநோக்கும் எழுதிக் கல்லூரிச் சுவர்களில் மாட்டுகின்றோம். அது தவறன்று. ஆனால், ஆண்டறிக்கையின் முதற் பக்கத்தில் சேர்க்கை எண்ணிக்கை இடம்பெறுகின்றது. இடையில் படிப்பை விட்டவர் எத்தனை பேர், எதனால் விட்டனர் என்பது எந்தப் பக்கத்தில் இடம்பெறுகின்றது? கடைசிப் பேருந்து மாலை வகுப்பு முடியும் முன்னரே புறப்பட்டுவிடுவதால் ஒரு மாணவி படிப்பை நிறுத்தினால், அது நிருவாகக் குழுவின் மேசைக்கு வர வேண்டிய செய்தி. அதனை அறிந்தவர் அலுவலக எழுத்தராகவோ, விடுதிக் காப்பாளராகவோ, வாயிற்காவலராகவோ இருப்பார். அவரை எவரும் கேட்பதில்லை.

எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தால் காரியம் நடக்குமா என்று வினவுவோர் உண்டு. முடிவெடுக்கும் பொறுப்பு தலைவருடையதே; அதனைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு அவர் விலகிக்கொள்ள இயலாது. நாம் வேண்டுவது, முடிவுக்கு முன் கடைமடையின் செய்தி அவர் செவிக்கு எட்ட வேண்டும் என்பதும், முடிவுக்குப் பின் அது கடைமடைக்கு எட்டியதா என்று அவரே சென்று காண வேண்டும் என்பதுமே. ஆண்டுக்கு ஒரு முறையேனும் நிருவாகக் குழு கடைநிலைப் பணியாளருடன் அமர்ந்து பேசட்டும். இடைநின்ற மாணவர் ஒவ்வொருவரின் காரணமும் பதிவாகட்டும். தலைவர் இல்லாத நாளிலும் பணி தடையின்றி நடக்குமாறு அடுத்த நிலையில் இருப்போர் பழக்கப்படட்டும்.

பதவியின் உயரத்தாலும் மேடையின் அகலத்தாலும் தலைமையை அளப்பது எளிது. நம் டெல்டா மண்ணின் அளவுகோல் வேறு. கடைசி வயல் விளைந்த ஆண்டையே இம்மண் நல்ல ஆண்டு என்று சொல்லும். நம் நிறுவனங்களையும் அக்கோலால் அளக்கத் துணிவோமாக!