கிளை பக்கத்தில் இருந்தால் பணம் பத்திரமா?

"தெருமுனையிலேயே பெரிய வங்கி இருக்க, கிளை தூரத்தில் உள்ள கூட்டுறவு வங்கியில் எதற்குக் கணக்கு?" சேலம், நாமக்கல் பக்கம் கேட்கும் வாதம் இது. அருகில் இருப்பதே வசதி, அதுவே பாதுகாப்பு என்கிறார்கள். தவறு.

1. லட்சுமி விலாஸ் வங்கி பக்கத்துக் கரூரில் பிறந்தது. 2020 நவம்பர் 17 அன்று, ஒரு மாதத்துக்கு 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கட்டுப்பாடு வந்தது. அருகாமை யாரைக் காப்பாற்றியது?

2. வைப்புத்தொகைக் காப்பீடு 5 லட்சம் ரூபாய். வணிக வங்கிக்கும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் ஒரே வரம்பு. தொடக்க வேளாண்மைக் கடன் சங்கத்துக்கு மட்டும் அந்தக் காப்பீடு கிடையாது, கூட்டுறவு வங்கியையும் சங்கத்தையும் குழப்பாதீர்கள்.

3. தவணை தவறாத விவசாயிக்குக் கூட்டுறவுப் பயிர்க்கடனில் வட்டியே இல்லை. அதற்குமுன் பஸ் கட்டணம் எம்மாத்திரம்?

4. வணிக வங்கியில் பங்குக்கேற்ப வாக்கு. கூட்டுறவில் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு.

கணக்கு தொடங்குமுன் வட்டியையும் காப்பீட்டையும் பாருங்கள். தூரம் கடைசிக் கேள்வி.