ஆறு மணியில் ஒரு தையல்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கபாலி கோயிலுக்குப் போய் இறங்கினோம். அப்பா என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, "என்னடா, கையில மை கொட்டிண்டுட்டியா?" என்றார். மை இல்லை, ஸ்டியரிங். பதினோரு வயதான வண்டி. ஆறு மாதமாகவே அதன் ஸ்டியரிங் பலாச்சுளை பிட்ட கை மாதிரி பிசுபிசுத்துக்கொண்டிருந்தது.

ரப்பர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது பாலியூரித்தேன் நுரை. காற்றில் இருக்கும் ஈரமே நாள்பட அதன் இணைப்புகளை அறுத்துவிடும். வெயிலும் உள்ளங்கை வியர்வையும் கூடச் சேர்ந்தால் சீக்கிரமே அறுக்கும். சென்னையில் இந்த மூன்றுக்கும் என்றைக்குப் பஞ்சம்?

முதலில் சிக்கனம் பார்த்தேன். தி.நகரில் ஒரு கடையில் முந்நூறு ரூபாய்க்கு மாட்டுகிற உறை ஒன்று வாங்கினேன். உள்ளே ரப்பர் வளையம், வெளியே ரெக்ஸின். "எல்லா வண்டிக்கும் சேரும் சார்" என்றார் கடைக்காரர். எல்லாருக்கும் சேரும் செருப்பு உண்டா? சின்ன கார்களின் ஸ்டியரிங் பெரும்பாலும் 37, 38 சென்டிமீட்டர் விட்டம் இருக்கும். அதில் ஒரு சென்டிமீட்டர் தவறினாலே உறை தொளதொள. மே மாத மத்தியானம், பனகல் பார்க் ஓரம் இரண்டு மணி நேரம் நின்ற வண்டியை எடுத்துத் திருப்பினேன். என் கையும் உறையும் திரும்பின, வண்டி திரும்பவில்லை. பக்கத்து ஆட்டோக்காரர் சொன்னதை இங்கே அச்சிட முடியாது. அன்றைக்கே உறையைக் கழற்றிப் பின் சீட்டில் எறிந்தேன்.

ஆகவே ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. மவுண்ட் ரோட்டையும் ராயப்பேட்டையையும் இணைக்கும் அந்தத் தெருவில் சீட் கவர், ஹாரன், சன் ஃபிலிம் என்று காருக்கு நகை நட்டு பூட்டும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வண்டியை மெதுவாக்கினாலே போதும், ஜன்னலுக்கு ஒரு முகம் வந்துவிடும்.

"ஸ்டியரிங் கவரா சார்? ஒரிஜினல் லெதர் மாதிரியே இருக்கும்."

"மாதிரியா, ஒரிஜினலா?"

"ஒரிஜினல்னா வேற ரேட்டு சார்."

இதற்குள் பக்கத்து சீட்டிலிருந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கோயிலுக்குப் போற வண்டிடா இது. தோலைப் போய்ச் சுத்துவாளோ?"

அப்பா ஐம்பது வருஷமாக மார்கழிக்கு மார்கழி சபாவில் முன்வரிசைக்காரர். மிருதங்கத் தனி ஆவர்த்தனத்துக்கு நடுவில் கேன்டீனுக்கு எழுந்து போகிறவர்களை இன்றுவரை மன்னிக்காதவர். அந்த மிருதங்கத்தில் பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் இருக்கிறது. அதைச் செய்கிறவர்களைப் பற்றிப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' 2020இல் வந்தபோது, வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்திருந்த இடத்தைக் கலாக்ஷேத்ரா திரும்ப வாங்கிக்கொண்டது நினைவிருக்கலாம். நான் இதையெல்லாம் சொல்லவில்லை. "மிருதங்கம்?" என்று மட்டும் கேட்டேன். "அது வாத்தியம்டா" என்றார். அதற்கு மேல் பேச்சு இல்லை.

கடைப் பையன் இரண்டு துண்டுகளை எடுத்து வந்து லைட்டரைக் காட்டினான். ஒன்று உருகிச் சொட்டியது, பிளாஸ்டிக் நாற்றம். இன்னொன்று ஓரம் கருகிச் சுருங்கியது, முடி பொசுங்குகிற நாற்றம். அப்பா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

ஊரே தோலோடு புழங்குகிற ஊர்தான். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் மதராஸிலிருந்து கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போனது. பிறகு குரோமிய உப்பில் பதனிடும் முறை வந்தது, அப்படிப் பதனிட்ட ஒரு தொழிற்சாலையின் பெயரால்தான் குரோம்பேட்டை ஆயிற்று. பட்டையில் வாரக்கணக்கில் ஊறிய வேலை குரோமியத்தில் சில நாளில் முடிந்தது. நன்றாகக் குரோமியம் ஏறிய தோல் கொதிநீரில் போட்டாலும் சுருங்காது. அதுவே அதற்குப் பரீட்சையும். மே மாத டாஷ்போர்டுக்குப் பக்கத்தில் இருக்கப்போகிற தோலுக்கு இதைவிட நல்ல தகுதி வேண்டாம். அடையாறில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் வாசலை எத்தனை ஆயிரம் தடவை கடந்திருப்பேன்! சிக்னலைப் பார்த்தேனே தவிர போர்டைப் பார்த்ததில்லை.

தைக்க வந்தவர் ஐம்பது வயதுக்காரர். ஆள்காட்டி விரலில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார், அதுதான் அவருக்கு விரல் கவசம். தோல் சுற்றளவில் அரை இன்ச் குறைவாகவே இருந்தது. கேட்டதற்கு, "இழுத்தா வரும் சார், லூஸா வெட்டினா வேலைக்கு ஆவாது" என்றார். மெழுகு தடவிய நூல். தோலின் இரண்டு ஓரத்திலும் முன்பே ஒரு வரிசை தையல் போட்டிருந்தது. ஊசி தோலைக் குத்தவேயில்லை. இந்தக் கரைத் தையலுக்குள் நுழைந்து அந்தக் கரைத் தையலில் வெளியே வந்தது. தோலைக் குத்தினால் இழுவையில் கிழிந்துவிடுமாம். நாலு தையலுக்கு ஒரு முறை, கிணற்றில் நீர் இறைக்கிற மாதிரி ஓர் இழுப்பு. நடுக்கம்பி வந்து சேரும் இடங்களில் ஒரு பழைய ஏடிஎம் கார்டால் தோலின் ஓரத்தை இடுக்குக்குள் தள்ளினார். நடுவில் ஹாரன் இருக்கும் பகுதியைத் தொடவில்லை. "புது வண்டியில அங்கதான் சார் ஏர்பேக். அதை மூடிக் குடுக்கச் சொல்றாங்க, நான் மாட்டேன்." 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். என் வண்டி அதற்கு முந்தைய தலைமுறை. அவர் கை மட்டும் பழக்கத்தில் விலகிக்கொண்டது.

ஒன்றேகால் மணி நேரம். ஆயிரத்து எண்ணூறு ரூபாய். பேரம் பேச வாயெடுத்து, அவர் டேப்பைப் பிரித்து விரலை உதறியதைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

தோலின் இரண்டு முனையும் சேரும் இடத்தை அவர் கடிகார முள் ஆறு மணியில் நிற்கிற மாதிரி, கம்பெனிச் சின்னத்துக்கு நேர் கீழே வைத்திருந்தார். திரும்பி வரும்போது ராதாகிருஷ்ணன் சாலையில் வண்டி நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. கை ஒட்டவில்லை, வழுக்கவில்லை. விரல்கள் தாமாகவே அந்தத் தையலை வருடிக்கொண்டிருந்தன. அப்பா அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அந்தத் தையல் ஏழு மணியில இருக்கேடா?"

இருந்தது. ஸ்டியரிங்கை ஆறு மணிக்குக் கொண்டுவந்தால் வண்டி நடைபாதைப் பக்கம் போனது. இத்தனை வருஷமும் கோணலாகப் பிடித்துக்கொண்டு நேராக ஓட்டியிருக்கிறேன்.

"தோல் சுத்தினதாலதான்" என்றார் அப்பா. திங்கட்கிழமை வீல் அலைன்மென்டுக்கு விட வேண்டும்.